காம்போ கார்ட் என்று சொன்னவன்

அறிவிப்பு அறையின் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். விரலால் இல்லை... பந்தால்.

அவன் மைக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையம் முழுக்க ஈரத் துணியும் டீசல் புகையும் கலந்த வாடை. கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, முகத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கக்கத்தில் ஒரு கூடைப்பந்து. கண்கள் மட்டும் நனையாத மாதிரி இருந்தன. அடுப்பில் வைத்த இரும்பு மாதிரி... கிட்டே போனால் சுடும், ஆனாலும் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கண்களை நிதானமாக ரசிக்கிற நிலைமையில் அவன் இல்லை. இவளுடைய பஸ்ஸை நாம் கோட்டை விட்டுவிட்டோம் என்பது மட்டும் உடனே புரிந்தது.

"மூணாவது மேடைன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா..."

"பஸ் ஏழாவது மேடையிலேர்ந்து கிளம்பிப் போயிடுச்சு. நான் மூணுல நின்னுக்கிட்டு டாட்டா காட்டினேன்."

மழைக்காக டிரைவர்கள் இடம் மாற்றிவிட்டார்கள், தகவல் தனக்கு வந்து சேரவில்லை என்று அவன் விளக்கினான். அவள் பந்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"குரலை மட்டும் நல்லா வச்சிருக்கீங்க. சொல்ற விஷயமும் சரியா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

திரும்பி மழைக்குள் நடந்தாள். ஓடவில்லை. நனைந்தாகிவிட்டது, இனி ஓடி என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி நடந்தாள். அடுத்த பஸ்ஸுக்கான அறிவிப்பைச் சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொன்னபோது எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னான்.

அன்று மாலைதான் அவனுக்கு இன்னொரு வேலையில் முதல் நாள். நிறுவனங்களுக்கு இடையில் நடக்கும் பெண்கள் கூடைப்பந்து லீக்கை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்புகிறார்கள், அதற்கு வர்ணனை சொல்ல ஆள் தேவை. முன்பு சொன்னவன் நல்ல இடம் கிடைத்துப் போய்விட்டான். பேருந்து நிலையத்தில் இவன் குரலைக் கேட்ட யாரோ சிபாரிசு செய்தார்கள். அவன் பந்தைத் தொட்டு விளையாடியவன் இல்லை. பள்ளியில் விளையாடுகிறவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தவன். ஆனால் பழைய ஆட்டங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து, விதிகளையும் சொற்களையும் நெட்டுருப் போட்டிருந்தான்.

உள்ளரங்கின் தகரக் கூரையில் மழை இரைந்தது. ஆடுகளத்தின் ஓரத்திலேயே அவனுக்கு ஒரு மேஜை. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் ஒரு பந்து கோட்டைத் தாண்டிப் பறந்து வந்தது. பந்துக்குப் பின்னால் ஒருத்தி பறந்து வந்தாள். மேஜை, தண்ணீர் பாட்டில், மைக், அவன்... எல்லாம் ஒன்றாகச் சரிந்தன.

கண்ணைத் திறந்தபோது அதே கண்கள் ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"நீங்களா?" என்றாள். மூச்சு வாங்கியது. "இங்கயும் தப்பாத்தான் சொல்லப் போறீங்களா?"

மைக் அணையவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. அன்றிலிருந்து அந்த அணியில் அவனுக்குப் பெயர் 'பஸ் ஸ்டாண்டு'.

*

அது ஒரு டயர் கம்பெனியின் அணி. அதில் அக்கா தங்கை இரண்டு பேர். எல்லோரும் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். மேஜையை உடைத்தவள் சின்னவள்.

கூடைப்பந்தில் கார்ட் என்றால் காவல் காக்கிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. பின்னாலிருந்து ஆட்டத்தை நடத்துகிற இரண்டு பேர் அவர்கள். ஒருத்தி பாயிண்ட் கார்ட்: பந்தைத் தட்டிக்கொண்டு எதிராளியின் பக்கத்துக்குக் கொண்டு போகிறவள், யார் எங்கே ஓட வேண்டும் என்று விரலைத் தூக்கிக் காட்டுகிறவள். இன்னொருத்தி ஷூட்டிங் கார்ட்: பந்து கையில் இல்லாமல் ஓடி ஓடி இடம் பிடித்து, வந்ததும் கூடைக்குள் போடுகிறவள். பெரியவள் முதல் வகை. சின்னவள் இரண்டாம் வகை. தாளில் அப்படித்தான் இருந்தது.

இருவருக்கும் கம்பெனியில் விளையாட்டு வீராங்கனை என்கிற பேரில் வேலை. பெரியவள் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தாள், சின்னவள் டயர் சோதிக்கிற இடத்தில். வேலை நிரந்தரமில்லை. அணியில் பெயர் இருக்கிறவரைதான் சம்பளம். நீண்ட காலம் ஆடியவர்களை மட்டும் ஒரு சீசன் முடிவில் நிரந்தரமாக்குவார்கள். பெரியவளுக்கு அது இந்த சீசன். கடைசி ஆட்டம் வரை அணியில் இருந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவள் பந்தையே தொடாவிட்டாலும் வேலை அவளுடையது. வீடு கம்பெனிக் குடியிருப்பில், அவள் பெயரில். அப்பா இல்லை. அம்மாவுக்கு மருந்து இல்லாமல் மூச்சு வராது. இதையெல்லாம் சின்னவளே அவனிடம் சொன்னாள், ஒரு நாள் ஆட்டம் முடிந்து மழை விடக் காத்திருந்தபோது. அக்கா நிரந்தரமானதும் வீட்டுச் சுவருக்குப் பச்சை அடிக்கப் போகிறாளாம்... இவளுக்குப் பச்சை பிடிக்காதாம்.

மழை விடக் காத்திருப்பது அவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. சில நாள் மழையே இல்லாமலும் காத்திருந்தார்கள்.

வர்ணனைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அவன் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டான். சின்னவள் ஒருமுறை பந்தைத் தானே எதிராளியின் பக்கம் வரை மேலே கொண்டுவந்து, தானே போட்டாள். "இவர்தான் காம்போ கார்ட்" என்று அவன் உற்சாகமாக முழங்கினான். ஆட்டம் முடிந்ததும் கழுத்தில் துண்டோடு நேராக மேஜைக்கு வந்தாள்.

"அந்த வார்த்தையை எங்கேர்ந்து பிடிச்சீங்க?"

பாயிண்ட் கார்ட் வேலையும் ஷூட்டிங் கார்ட் வேலையும் ஒரே ஆள் பார்த்தால் அவர் காம்போ கார்ட் என்று அவன் ஒப்பித்தான். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பையனைப் போல முகம் மலர்ந்திருந்தது. அவள் சிரித்தாள்.

"படிக்கிறப்போ அப்படித்தான் இருக்கும். எங்க கூட்டத்துல எப்படிச் சொல்லுவாங்க தெரியுமா? கூடைக்குப் போடுறவளுக்கு வேண்டிய உயரம் இல்ல, ஆட்டத்தை நடத்துறவளுக்கு வேண்டிய நிதானம் இல்ல. அப்படி ஒருத்தியைத் திட்டாம திட்டணுமா... காம்போ கார்ட். ஜெயிச்சா ரெண்டும் தெரிஞ்சவ. தோத்தா ரெண்டும் தெரியாதவ."

"நான் ரெண்டும் தெரிஞ்சவங்கன்னுதான் சொன்னேன்."

"தெரியும். வேற எவனாவது சொல்லியிருந்தா வந்து கேட்டிருக்க மாட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகும் சிரிப்பு அங்கேயே இருந்தது. "இனிமே அதைச் சொல்லாதீங்க."

காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. சிரிப்பு கிடைத்ததே, போதும் என்று வாங்கிக்கொண்டு போனான். சொன்ன சொல்லையும் காப்பாற்றினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் பெரியவளைத்தான் முதலில் சொன்னான். பெரியவர் ஆட்டத்தைக் கட்டுகிறார், பெரியவர் விரலைத் தூக்கிவிட்டார், பெரியவரின் நிதானத்தைப் பாருங்கள்... கம்பெனியின் நலப்பிரிவு அதிகாரி தன் அறையில் ஒளிபரப்பை ஓடவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவாராம். சின்னவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

ஆனால் கண் சும்மா இருக்குமா? அவன் கண் சின்னவளை விட்டு அகலவில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்தது.

பெரியவளால் இடது காலை ஊன்றித் திரும்ப முடியவில்லை. முழங்கால் போய்விட்டது. பந்தைத் தட்டிக்கொண்டு எட்டு நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது விதி. எதிராளி மேலே விழுந்து மறித்தால் அவளால் அது ஆகாது. அதனால் அக்காவும் தங்கையும் ஒரு வேலை செய்தார்கள். பந்து முதலில் பெரியவள் கைக்கு வரும். அவள் கண் மூடித் திறப்பதற்குள் சின்னவளுக்குத் தள்ளிவிடுவாள். சின்னவள் எதிராளிகளை ஏய்த்துக்கொண்டு மேலே போவாள். மேலே அணியிலேயே உயரமான பெண் ஒருத்தி நிற்பாள், கொக்கு என்று பெயர். அவள் முதுகுக்குப் பின்னால் பந்து மறுபடி பெரியவளிடம் போய்விடும். பெரியவள் விரலைத் தூக்குவாள். பார்க்கிறவர்களுக்கு ஆட்டத்தை நடத்துவது பெரியவள். ஓடி உழைப்பது சின்னவள்.

ஒரு சீசன் முழுக்க, ஆயிரம் கண்களுக்கு முன்னால், இரண்டு பேர் ஒரு முழங்காலை ஒளித்து வைத்திருந்தார்கள்.

அவன் இதைக் கண்டுபிடித்த நாளில் ஏதோ அவளே தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன ரகசியம் மாதிரி சந்தோஷப்பட்டான். யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம்கூட. முழங்காலைப் பற்றி அவனுக்குத் தெரியும். நிரந்தர வேலையைப் பற்றியும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரியவில்லை. காதலிக்கிறவனுக்கு ஒரு முகத்தைத் தவிர மற்றதெல்லாம் மங்கலாகத்தான் தெரியும். அதைப் பெருமை என்று நினைக்கிறார்கள்... குருட்டுத்தனம்தான் அது.

*

பெரியவள் அதிகம் பேச மாட்டாள். ஒரு மாலை அரங்கின் பின்படிக்கட்டில் முழங்காலில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் துண்டை எடுத்துக் காலை மூடினாள்.

"நல்லாப் பேசறே தம்பி," என்றாள். "விளையாட்டைப் பத்திப் பேசு. எங்களைப் பத்திப் பேசாதே."

அவ்வளவுதான். எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஓகோ, விஷயம் அப்படியா? பேருந்து நிலையத்தில் கத்திப் பிழைக்கிறவன் என் தங்கையைப் பார்க்காதே என்கிறாள்... அப்படித்தான் எடுத்துக்கொண்டான். ஐஸ் பையைக் கண்ணால் பார்த்தும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. தன் சட்டையைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான், இரண்டும் அவள் பக்கம் பேசின. அவமானம் ஊறிப்போய் மறுநாள் ரோஷமாகியிருந்தது. என்னிடம் ஒரு மைக் இருக்கிறது. யார் இந்த அணியைத் தூக்கிச் சுமக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் ஏன் அக்கா புராணம் பாடிக்கொண்டிருக்க வேண்டும்?

அடுத்த ஆட்டம் சீசனின் முக்கியமான ஆட்டம். ஜெயித்தால் இறுதிப் போட்டி. மறுபடியும் மழை. எதிரணி ஆரம்பத்திலிருந்தே முழு ஆடுகளத்தையும் மறித்து மேலே விழுந்தது. பெரியவள் பந்தைத் தள்ளினாள், சின்னவள் கொண்டுபோனாள்...

ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை.

கொக்கு நின்றாள். பெரியவள் வழக்கமான இடத்துக்கு வந்து நின்றாள். சின்னவள் அந்தப் பக்கம் போகாமல் நேராக உள்ளே புகுந்து, இரண்டு பேருக்கு நடுவில் எழும்பி, பந்தைக் கூடைக்குள் விட்டாள். மறுமுறையும் அதே. அதற்கடுத்து தானே விரலைத் தூக்கினாள். அரங்கம் கொந்தளித்தது. மழை ஓசையே கேட்கவில்லை. அவள் ஓடியபோது கால்கள் தரையில் பட்டதாகத் தெரியவில்லை. கண்கள்... அந்தக் கண்கள் முதல் நாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மாதிரியே எரிந்தன. ஒவ்வொரு கூடைக்கும் பிறகு ஒரு நொடி மேஜைப் பக்கம் திரும்பின.

அவன் மைக்கை நெருக்கிப் பிடித்தான். வாய் திறந்துகொண்டது. திறந்தது மூடவில்லை.

"நேயர்களே, காம்போ கார்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதோ, கண் முன்னால் பாருங்கள். சிலர் இந்தச் சொல்லைக் குறையாகச் சொல்வார்கள். எதிலும் முழுமை இல்லாதவர் என்பார்கள். தவறு. இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருவர் செய்கிறார். இன்றைக்கு மட்டும் இல்லை, இந்த சீசன் முழுக்க இவர்தான் செய்திருக்கிறார். பழைய ஆட்டங்களைப் போட்டுப் பாருங்கள். பெரியவர் இடது காலை ஊன்றித் திரும்பி எவ்வளவு நாளாயிற்று? பந்தை மேலே கொண்டு வருவது யார்? கொக்கு என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் வீராங்கனையின் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? அக்காவின் வேலையையும் சேர்த்துத் தங்கைதான் பார்க்கிறார், நேயர்களே..."

இந்தத் தடவை ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை.

அணி ஜெயித்தது. சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். உயரத்திலிருந்து அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால் பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக. யாரோ அவளிடம் போனில் ஒளிபரப்பைக் காட்டினார்கள். அவள் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கொக்கு அவன் மேஜையைக் கடந்து போகும்போது குனிந்து காதோடு சொன்னாள். "உனக்குக் கண்ணு இருக்கு, பஸ் ஸ்டாண்டு. அறிவுதான் இல்ல."

*

நலப்பிரிவு அதிகாரி அன்றைக்கும் அறையில் ஒளிபரப்பை ஓடவிட்டிருந்தார். மறுநாள் கம்பெனி டாக்டர் பெரியவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. ஒரு சோதனைக்கு அவ்வளவு போதும். இறுதிப் போட்டிக்கு முன்னால் அணியிலிருந்து பெயர் போயிற்று. பெயர் போனதும் வேலை போயிற்று. வேலை போனதும் வீடு. யாரும் யாரையும் திட்டவில்லை, எல்லாம் மரியாதையாக நடந்தது. சின்னவளைக் கேப்டனாக்கினார்கள். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. அம்மாவின் மூச்சு இப்போது அவள் சம்பளத்தில் இருந்தது.

கொக்கு இதைச் சொன்னபோதுதான் அவனுக்கு அந்தப் படிக்கட்டுப் பேச்சு விளங்கியது. எங்களைப் பற்றிப் பேசாதே என்றால் எங்களைப் பற்றிப் பேசாதே என்றுதான் அர்த்தம். அவள் கெஞ்சியிருக்கிறாள். அவள் அப்படித்தான் கெஞ்சுவாள்போல.

அவன் நலப்பிரிவு அதிகாரியைப் போய்ப் பார்த்தான். தான் விளையாட்டு தெரியாதவன் என்றான். உணர்ச்சிவசப்பட்டு வாய்க்கு வந்ததை உளறிவிட்டதாகச் சொன்னான். பெரியவரின் கால் நன்றாகத்தான் இருந்தது, எல்லாம் தன் கற்பனை என்று வாய் கூசாமல் பொய் சொன்னான். அதிகாரி நல்ல மனிதர். உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"நீங்க சொன்னதுக்கு அப்புறம் பழைய ஆட்டத்தையெல்லாம் ஓட்டிப் பார்த்தோம் தம்பி. ஒவ்வொண்ணுலயும் நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு. நாங்க யாருமே கவனிக்கல பாருங்க." டீயை அவன் பக்கம் நகர்த்தினார். "ரெண்டு வேலையும் ஒருத்தி பார்க்கிறப்போ, ரெண்டாவது ஆள் எதுக்குன்னு மேலே கேட்கிறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

அவன் டீயைக் குடிக்கவில்லை. வர்ணனை வேலையை அன்றே விட்டான். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. இறுதிப் போட்டியில் வேறு ஒருவன் பேசினான். அணி தோற்றது.

சின்னவள் போனை எடுக்கவில்லை. அவனுக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அழைத்துக்கொண்டே இருந்தான்... மனுஷனுக்கு வெட்கம் கெட்டுப் போனால் அப்படித்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நேரத்தில் அதைச் சொல்வது அசிங்கம் என்றும் தெரியும். சொல்லாமல் விட்டால் வாழ்நாள் முழுக்கத் தொண்டையிலேயே நிற்கும் என்றும் தெரியும்.

வீடு காலி செய்கிற நாளைக் கொக்குதான் சொன்னாள்.

*

குடியிருப்புக்கு முன்னால் ஒரு சின்ன லாரி நின்றது. முன் இருக்கையில் அம்மா, மடியில் மருந்துப் பையோடு. பெரியவள் லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, பாத்திர மூட்டை எங்கே, மெத்தை எங்கே என்று விரலைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"வந்தவன் சும்மா நிக்காதே தம்பி," என்றாள். "மேல பீரோ இருக்கு. ஒரு பக்கம் பிடி."

இரண்டாவது மாடி. காலியான வீட்டில் குரல் எதிரொலித்தது. சின்னவள் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் பீரோவைச் சாய்த்து மேல்பக்கத்தைப் பிடித்தாள். அவன் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தான். அவன் பின்னோக்கி நடக்க, அவள் முன்னோக்கி வர, படியில் இறங்கினார்கள். திருப்பத்தில் பீரோ சுவரில் இடித்து மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டு பேருக்கும் கையை விட வழியில்லை. நடுவில் இரும்பு.

"நான் அன்னைக்கு அதைச் சொல்லாம இருந்திருக்கணும்," என்றான்.

"பீரோவைச் சரியாப் பிடிங்க."

"உங்க அக்கா சொன்னாங்க. நான்தான் வேற மாதிரி நினைச்சுக்கிட்டு... ரோஷத்துல..."

"நீங்க சொன்னதுல எது தப்பு?"

அவள் முகம் பீரோவின் விளிம்புக்கு மேலே பாதிதான் தெரிந்தது. கண்கள் தெரிந்தன. எரியவில்லை. அடுப்பு அணைந்து வெகு நேரமான மாதிரி இருந்தன.

"நான் பந்தைத் திருப்பிக் கொடுக்கல," என்றாள். "அதுதான் நடந்தது. நீங்க பார்த்ததைச் சொன்னீங்க."

"அவங்க மேலே விழுந்து மறிச்சாங்க. உங்களுக்கு வேற வழி இல்ல..."

"வழி இருந்துச்சு. அக்கா தனியா நின்னா, யாரும் அவகிட்ட இல்ல. கையை நீட்டினா. பார்த்தேன். மறுபடியும் நீட்டினா. பார்த்தேன். கொடுக்கல."

பீரோவின் பாரம் அவன் மணிக்கட்டை அறுத்தது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவளே சொன்னாள், படியைப் பார்த்துக்கொண்டு.

"சொல்லாதீங்கன்னு ஒரு தடவை சொன்னேன். நீங்க நிஜமாவே சொல்லாம விட்டுட்டீங்க. அதுக்கப்புறம் எப்பப் பார்த்தாலும் அக்காதான். ஆட்டத்தைக் கட்டுறது அக்கா, நிதானம் அக்கா... சரிதானே, அப்படித்தான் இருக்கணும், அதுக்குத்தானே நாங்க அவ்வளவு பாடுபட்டோம். ஆனா எனக்கு உள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஊர் உலகத்துக்குத் தெரியலன்னாப் பரவாயில்ல. உங்களுக்காவது தெரியணும்... நான்தான்னு. ஒரே ஒரு தடவை உங்க வாயால கேட்கணும். அதுக்காக ஆடினேன்."

கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஆடுறப்போ எதுவும் கேட்கல. வீட்டுக்கு வந்து போன்ல போட்டுக் கேட்டேன். அடுத்த ரூம்ல அக்கா கால்ல ஐஸ் வச்சுக்கிட்டு இருந்தா. அவளுக்கு அப்பவே எல்லாம் தெரிஞ்சுபோச்சு, இனிமே என்ன ஆகும்னு. எனக்கும் தெரியும். நான் காதுல மாட்டிக்கிட்டு மறுபடி மறுபடி கேட்டேன். சந்தோஷமா இருந்துச்சு." அவள் குரல் ஆடவில்லை. ஆடியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இந்த அளவுக்குப் பிடிச்சிருக்கு. போதுமா?"

எத்தனையோ இரவுகளில் அவன் கற்பனையில் கேட்ட வார்த்தை அது. கற்பனையில் மழை இருந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது வெயில் அடித்தது. சன்னலிலிருந்து வந்த வெளிச்சத்தில் சுவரில் பீரோ உரசிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"யாரு கண்ணு எங்க இருக்குன்னு பார்க்கிறதுதானே அவ வேலை."

"ஒண்ணும் சொல்லலையா?"

"பீரோவைப் பிடிக்க உங்களை மேல அனுப்பியிருக்கா."

அது மன்னிப்பா, தண்டனையா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்த மாதிரி இல்லை. அவன் தொண்டையில் இத்தனை நாளும் நின்றிருந்ததைச் சொன்னான். நீளமாகத் தயாரித்து வைத்திருந்தது, வரும்போது ஒரே சொல்லாகத்தான் வந்தது.

"எனக்கும்."

"தெரியும்." அவள் பீரோவின் மூலையைத் தோளால் நெம்பினாள். சுவரிலிருந்து காரை பெயர்ந்து உதிர்ந்தது. மாட்டியிருந்தது விடுபட்டு, பாரம் முழுக்க அவன் மேல் சாய்ந்தது. "மெதுவா. பின்னாடி படி இருக்கு."

அவனால் கீழே பார்க்க முடியவில்லை. கழுத்துவரை இரும்பு. அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு காலாகத் தடவிப் பின்னால் வைத்தான்.

"படி," என்றாள். "இன்னொண்ணு... இன்னொண்ணு..."

வாசலில் பெரியவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை இழுத்துச் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டாள். இருவரையும் பார்க்கவில்லை.

"தரை வந்துடுச்சு," என்றாள் சின்னவள்.